ஓடுகிறவனின் உறக்கம்

ஆம்பூர் என்றதும் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன இரண்டு: ஒன்று தோல், மற்றொன்று பிரியாணி. இவ்வட்டாரத்தில் பங்குப் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிட்ட எனக்கோ முதலில் நினைவுக்கு வருவன கால்களே. வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் இத்தோல் வட்டாரத்தில், கடல் கடந்த நாட்டினர் அணியும் காலணிகள் உருவாகின்றன. அவற்றைச் செய்து அனுப்புவோரில் பலர் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள். மாலைத் திருப்பலியில் முழந்தாட்படியிடும் வேளையில், அவர்கள் எவ்வளவு மெதுவாகக் கீழே இறங்குகிறார்கள் என்பதைப் பீடத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்நாளின் வேலைப் பளு புரிந்துவிடும்.

அக்கால்களுள் சில, அண்மைக் காலமாக ஓடவும் தொடங்கியிருக்கின்றன. வெறும் ஓட்டம் மட்டும் அன்று. ‘டிரையத்லான்’ என்னும் சொல்லை நம் பங்கு இளைஞன் ஒருவன் வாயிலாகவே நான் முதலில் கேட்டேன். நீந்திக் கரையேறியதும் மிதிவண்டியில் ஏற வேண்டும். மிதிவண்டியை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். இடையில் இளைப்பாறக் கடிகாரம் நிற்பதில்லை. 1974இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கிய இவ்விளையாட்டு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. ‘அயர்ன்மேன்’ என்று பெயர், 3.8 கிலோமீட்டர் நீச்சலும், 180 கிலோமீட்டர் மிதிவண்டியும், அதற்குமேல் ஒரு முழு மாரத்தானும். 1978 பிப்ரவரியில் ஹவாயில், ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் நடத்திய முதல் போட்டியில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். முன்னணியில் ஓடிய டன்பார் என்பவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோகவே, உடன் வந்த நண்பர்கள் பீர் கொடுத்தார்களாம். அவர் இரண்டாவதாகத்தான் வந்தார் என்பதை நம் இளைஞர்கள் கவனிப்பார்களாக! இந்திய மண்ணில் அப்பெயர் தாங்கிய முதல் போட்டி, பாதித் தொலைவிற்கு, 2019 அக்டோபரில் கோவாவில் நடைபெற்றது.

இப்போட்டிகளில் இறங்குவோரில் மிகப் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். அவர்களை ‘அமெச்சூர்’ என்கிறோம். சற்று இளக்காரமாகவே சொல்கிறோம். குருமடத்தில் இலத்தீன் படித்தவனுக்கு அச்சொல்லில் ‘அமாரே’ என்ற வினை கேட்காமல் போகாது. அன்பு செய்தல் என்பது அதன் பொருள். கூலிக்காக அல்ல, அன்பினால் செய்கிறவனே அமெச்சூர். அன்பு இருக்கும் இடத்தில் அளவு மீறும் ஆபத்தும் இருப்பது நாம் அறிந்ததுதானே.

ஒரு நாள் மாலை அவ்விளைஞனின் தாயார் என்னைத் தேடி வந்தார். “சாமி, நீங்களாவது சொல்லுங்க. என் பேச்சு அவன் காதுல ஏறமாட்டேங்குது. காலைப் புடிச்சிக்கிட்டு ராத்திரியெல்லாம் முனகறான். விடிஞ்சா மறுபடியும் ஓடறான்” என்றார். அவனுக்கு வயது இருபத்து நான்கு. ஷூ கம்பெனி ஒன்றில், அப்பரை அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் பிரிவில் வேலை. முழு நேரமும் நின்று செய்யும் வேலை அது. அவன் சம்பளத்தில்தான் தங்கையின் நர்சிங் படிப்புக்குக் கட்டணம் போகிறது. அந்தக் கால் நின்றுவிட்டால் என்னென்ன நிற்கும் என்று அத்தாய் கணக்கிட்டு வைத்திருந்தார்.

அவனை அழைத்துப் பேசினேன். விடியற்காலை 3.45க்கு எழுவான். நான்கு மணிக்கு நெடுஞ்சாலையின் ஓரச் சாலையில் ஓட்டம். ஏழரைக்குக் கம்பெனிப் பேருந்து. ஓவர்டைம் உள்ள நாள்களில் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். அதன்பின் உடற்பயிற்சிக் கூடம். படுக்கும்போது மணி பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை முதல் திருப்பலி முடிந்ததும் மிதிவண்டியில் ஏலகிரி. அம்மலைப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்; எந்த வளைவில் மூச்சு வாங்கும், எந்த வளைவில் கால் பற்றிக்கொள்ளும் என்பதை அவன் சங்கப் புலவர் பெயர்களாலேயே சொன்னபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். இந்த அட்டவணை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். கைப்பேசியில் எடுத்தானாம். வாரத்திற்கு 12 மணி நேரப் பயிற்சி. எழுதியவர் யாரோ, எந்த நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோருக்காக எழுதினாரோ!

வேலூரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நம் பங்குப் பெண்மணி ஒருவரிடம் அவனை அனுப்பி, நானும் உடன் சென்றேன். அவர் கேட்ட முதல் கேள்வியை நான் மறக்கவில்லை. எத்தனை மணி நேரம் ஓடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. “எத்தனை மணி நேரம் நிற்கிறாய், தம்பி?” என்று கேட்டார். வாரத்திற்கு 48 மணி நேரம், ஓவர்டைம் தனி என்றான். “அப்படியானால் உன் பயிற்சி 12 மணி நேரம் அன்று, 60 மணி நேரம். காலுக்குக் கம்பெனியும் தெரியாது, போட்டியும் தெரியாது. சுமை மட்டுமே தெரியும்” என்றார்.

பிறகு அவர் விளக்கியவற்றை, எனக்கு விளங்கிய வரையில் இங்கே எழுதுகிறேன். பயிற்சி உடலைப் பலப்படுத்துவதில்லை. பயிற்சி உடலைச் சிதைக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன; சேமிப்பில் இருந்த மாச்சத்து தீர்ந்துபோகிறது. பலப்படுத்தல் நடைபெறுவது அதற்குப் பின்பு, நாம் ஒன்றும் செய்யாமல் இருக்கும் நேரத்தில். தீர்ந்த சேமிப்பை மீண்டும் நிரப்ப, நன்றாகச் சோறு உண்டாலும், ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒன்றிரண்டு நாள். தசைநாண்களோ மிகவும் மெதுவானவை. எலும்பின் கதை இன்னும் விந்தையானது. புதிய சுமை வரும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்து எடுத்துவிடுகிறது. இதற்குச் சில வாரங்கள். அவ்விடத்தில் புது எலும்பு வளர்ந்து உறுதிப்பட மாதங்கள் ஆகும். ஆகவே மூச்சும் நெஞ்சும் ‘இன்னும் ஓடு’ என்று உற்சாகப்படுத்தும் அந்த மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் எலும்பு மிகவும் பலவீனமாக இருக்கிறது. பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழும்புமுன் கூரையில் மூட்டை ஏற்றுவது போல.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், கணைக்கால் எலும்பில் விரிசலுக்கு முந்திய நிலை. சாதாரண எக்ஸ்ரேயில் இது ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதால் பலர் தைலம் தடவி, வலி மாத்திரை விழுங்கி ஓடிக்கொண்டேயிருந்து, ஒரு நாள் உண்மையாகவே முறித்துக்கொள்கிறார்கள். ஆறு வாரம் ஓட்டம் கூடாது என்றார் மருத்துவர். அவன் முகம் வாடியது. “சும்மா இருக்கச் சொல்றீங்களா?” என்று என்னைத்தான் கேட்டான், நான் ஏதோ தண்டனை கொடுத்துவிட்டது போல.

திரும்பும் வழியில் பேருந்தில் அவனுக்கு எலியாவைப் பற்றிச் சொன்னேன். பாலைவெளியில் சூரைச் செடியின் அடியில் விழுந்து, இனி முடியாது என்று சாகக் கேட்ட அம்மாபெரும் இறைவாக்கினருக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அறிவுரை அன்று. தூக்கம், அப்பம், தண்ணீர்; மறுபடியும் தூக்கம், மறுபடியும் அப்பம். அதன் பின்னரே ஒரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. விவிலிய வகுப்பில் இப்பகுதியை எத்தனையோ கோணங்களில் படித்திருக்கிறேன். அன்று பேருந்தில் அது விளையாட்டு மருத்துவமாக ஒலித்தது.

உடலுக்கு வரும் எவ்வகைச் சுமைக்கும் முதலில் அதிர்ச்சி, பின்பு தாங்கும் முயற்சி, சுமை நீடித்தால் இறுதியில் சோர்ந்து வீழ்தல் என்ற மூன்று படிகள் உண்டு என்பதை, வியன்னாவில் பிறந்து கனடாவில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். இரண்டாம் படியில் நிறுத்தி ஓய்வளிக்கத் தெரிந்தவரே நல்ல பயிற்சியாளர். அத்தகைய ஒருவரைப் பற்றி நம் ஆம்பூர் மக்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஏனெனில் அவரும் ஷூ கம்பெனித் தொழிலாளியே. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட், காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டும், பால் ஊற்றிப் பிழைத்துக்கொண்டும், எவ்வளவு ஓடலாம், எவ்வளவு கூடாது என்பதைப் பல ஆண்டுகள் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். ஆண்டு முழுதும் வேகத்தைத் துரத்துகிறவன் விரைவில் அழிகிறான். மாதக்கணக்கில் நிதானமாக ஓடி அடித்தளம் இட்டவனே குறுகிய காலக் கடும் பயிற்சியைத் தாங்குகிறான், போட்டிக்கு முன் அவன் தளர்த்திக்கொள்ளவும் வேண்டும் என்று கண்டார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றனர். இரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1962இல் அவரைக் காண வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், ஒரு நாள் கடுமை என்றால் மறுநாள் எளிமை என்பதைத் தம் மாணவர்களுக்கு விதியாகவே வைத்தவர். இந்தப் பவர்மனும் காலணி செய்கிறவர்தாம். நைக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர்.

ஓட்டத்திற்குத் தடை, நீச்சலுக்குத் தடை இல்லை. மூன்று விளையாட்டு ஒன்றாய் இருப்பதன் நன்மை இதுவே. காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே நெஞ்சைப் பழக்கலாம். ஆனால் எங்கே நீந்துவது? எனக்கு முந்திய தலைமுறை இவ்வட்டாரத்தில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்து நீச்சல் பழகியது. தோல் கழிவு இறங்கிய ஊர்களில் அந்தக் கிணறுகள் உப்பேறிப்போயின. இந்தக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் அதே துயரத்தின் பேரில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாலாறோ பெரும்பாலும் மணல். 2021 நவம்பரில் கரை புரண்டு வந்தபோது, ஆற்றைப் பார்ப்பதற்கென்றே மக்கள் பாலங்களில் கூடி நின்றனர். இறுதியில், தோல் கழிவு எட்டாத மலையடிவார ஊரில் உறவினர் ஒருவரின் பம்பு செட்டுக் கிணறு கிடைத்தது. குறுக்களவு பத்து மீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நூற்றைம்பது முறை குறுக்கே நீந்த வேண்டும். “தலை சுத்துது சாமி” என்றான். சுற்றட்டும், கால் பிழைத்ததே என்றேன்.

அந்த ஆறு வாரத்தில் நான் அவனுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு கன்னியர். அமெரிக்காவின் சகோதரி மடோனா பியூடர் 1930இல் பிறந்தவர்; 23ஆம் வயதில் துறவு மடம் புகுந்தவர். 48ஆம் வயதில், உடலையும் மனத்தையும் ஆன்மாவையும் இசைவிக்க ஓட்டம் உதவும் என்று ஒரு குருவானவர் சொல்லக் கேட்டு ஓடத் தொடங்கினார். 52ஆம் வயதில் முதல் டிரையத்லான். அதன்பின் முந்நூற்றுக்கும் மேற்பட்ட டிரையத்லான்கள். அவருடைய வயதில் ஓடுவோர் இல்லாமையால் அவருக்கென்றே புதிய வயதுப் பிரிவுகளை ஏற்படுத்த நேர்ந்தது. 2012இல் கனடாவில், தம் 82ஆம் வயதில், 17 மணி நேர வரம்பிற்குள் முழு அயர்ன்மேனை முடித்தார். என்னைக் கவர்ந்தது இப்பெருமையைவிட, அவருடைய அன்றாட முறை. ஆலயத்திற்கு ஓடிச் செல்வார். நீச்சல் குளத்திற்கு மிதிவண்டியில் செல்வார். பயிற்சி என்று தனியாக ஒன்றை வாழ்வின் மேல் ஏற்றி வைக்காமல், வாழ்வின் நடமாட்டத்தையே பயிற்சியாக்கிக்கொண்டார். விழுந்தார், எலும்பு முறிந்தது, ஆறவிட்டு எழுந்தார். சில போட்டிகளை நேரத்திற்குள் முடிக்க முடியாமலும் போயிருக்கிறது. முப்பது ஆண்டுகள் நீடித்ததன் இரகசியம் எவ்வளவு ஓடினார் என்பதில் மட்டும் இல்லை; எப்போது நிறுத்தினார் என்பதிலும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பின்பு இயன்முறை மருத்துவரும் அவனும் சேர்ந்து ஒரு புது அட்டவணை எழுதினர். நான் சாட்சி மட்டும். ஓவர்டைம் உள்ள நாளில் பயிற்சி இல்லை, ஓவர்டைமே பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் முற்றிலும் வெறுமை. நான்காவது வாரந்தோறும் எல்லாம் பாதி. காலையில் எழுமுன் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு மிகுந்திருந்தால், அல்லது பசியின்மை, காரணமில்லாத சிடுசிடுப்பு, அடிக்கடி சளி என்று தொடர்ந்தால், அன்று காலணியைத் தொடக் கூடாது. இக்குறிகளை மதியாமல் மாதக்கணக்கில் மிஞ்சி உழைப்பவர்க்கு மீண்டு வரவும் மாதக்கணக்கில் ஆகும். கத்தரி வெயில் நாள்களில், வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, தொலைவைப் பாதியாக்கி, உப்பிட்ட மோரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பது இரத்தத்தின் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும்.

நிதானமான ஓட்டம் என்றால் எவ்வளவு நிதானம் என்று கேட்டான். பேச்சு தடைப்படாத வேகம் என்றார் மருத்துவர். செபமாலையில் பத்து மணியை வாய்விட்டு, மூச்சு இரைக்காமல் சொல்ல முடிகிற வேகம் என்று நான் சேர்த்துக்கொண்டேன். இதற்கு ஓர் அறிவியல் உறவும் உண்டு: இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியின் குழு 2001இல் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட ஆய்வில், இலத்தீனில் செபமாலை சொல்வோரின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்து, இதயத் துடிப்பின் லயம் சீர்பட்டதைக் கண்டனர். மந்திரம் சொன்னோர்க்கும் அவ்வாறே. ஓடும்போது அவ்வளவு தணியாது. ஓடி முடித்த மாலையில் தணியும்.

உணவைப் பற்றிப் பெரிய உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை. டப்பாவில் விற்கும் மாவுக்குச் செலவழித்த பணத்தை முட்டைக்கும் பயற்றுக்கும் திருப்பினான். கேழ்வரகுக் கூழும் மோரும் நம் வட்டாரத்துக்குப் புதியனவா? ஞாயிறு மதியம் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் உண்ணலாமா என்று தயங்கிக் கேட்டான்; மாச்சத்தும் புரதமும் ஒருங்கே தரும் அதைத் தடுக்க மருத்துவருக்கே மனம் வரவில்லை.

கடைசியாக அவர் உறக்கத்திற்கு வந்தார். பதினொன்றிலிருந்து 3.45 வரை என்பது நான்கே முக்கால் மணி நேரம். குறைந்தது ஏழு வேண்டும். ஆழ்ந்த உறக்கத்தில்தான் உடலைச் செப்பனிடும் சுரப்பு மிகுதியாக ஊறுகிறது. அது இல்லாமல் மேற்கண்ட எதுவும் பயன்படாது என்றார். இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுவது என்று முடிவாயிற்று. அப்போது, ஏதோ நினைத்தவராய், உடன் வந்திருந்த தாயாரைப் பார்த்து, “அம்மா, நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?” என்று கேட்டார்.

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. மூன்றரைக்கு எழுகிறாராம்; மகனுக்கு முட்டை அவித்துக் கஞ்சி வைக்க. பிறகு சமையல், தண்ணீர் பிடித்தல், எட்டு மணிக்கு வேறொரு கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவு. இரவு பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று. மகனுக்கு ஓர் அட்டவணையும், ஒரு மருத்துவரும், ஒரு பங்குத் தந்தையும் இருந்தோம். நாலரை மணி நேர உறக்கத்தில், நாற்பத்தெட்டு வயதில், பதக்கம் இல்லாத ஒரு நெடும்போட்டியை அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

ஓய்வு நாள் கட்டளையை இணைச்சட்ட நூல் சொல்லும்போது, உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று காரணம் காட்டுகிறது. ஓய்வு தனி ஒருவன் உடல்நலத்திற்காக எடுத்துக்கொள்ளும் மருந்தாக அங்கே பேசப்படவில்லை. வீட்டில் யாருக்கு அது கிடைக்கிறது, யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. நாட்டிலும் அதே கேள்விதான். வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதை இவ்வட்டாரத் தொழிலாளர் மறந்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் எப்போது ஆறும், எப்போது பிள்ளையோடு பேசும் என்பதை அச்சட்ட விவாதத்தில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் கேட்டிருக்கலாம்.

எட்டாவது வாரம் அவன் மீண்டும் ஓடத் தொடங்கினான்: ஐந்து நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓட்டம் என்று மாறி மாறி. ஒலிம்பிக் தொலைவை இவ்வாண்டு ஒத்திவைத்துவிட்டான். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் என்ற குறும்போட்டிக்குப் பெயர் கொடுக்க எண்ணியிருக்கிறான். கிணற்றுக்கார உறவினர் தண்ணீர் இருக்கும்வரை வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.

சென்ற ஞாயிறு அவன் தாயார் வழக்கமாக வரும் முதல் திருப்பலிக்கு வராமல் இரண்டாவதற்கு வந்தார். உடல் நலமில்லையோ என்று வாசலில் விசாரித்தேன். “இல்லீங்க சாமி, தூங்கிட்டேன்” என்றார், வெட்கத்துடன். மகன் இப்போது முட்டையைத் தானே அவித்துக்கொள்கிறானாம். “ஆனா ஓட்டையெல்லாம் அப்படியே அடுப்பு மேலேயே போட்டுட்டு ஓடிடறான், சாமி. அதை யார் அவனுக்குச் சொல்றது?”